நேரில் மூன்று நாள், திரையில் இரண்டு நாள்: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

கும்பகோணத்துக்கு அருகே உள்ள ஒரு தனியார் பள்ளியில் என் மகள் இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பை முடித்தாள். வாரத்தில் மூன்று நாள் நேரில் வர வேண்டும். மற்ற இரண்டு நாளை மாணவரே தேர்ந்துகொண்டு வீட்டிலிருந்து இணையவழியில் சேரலாம். விடையைச் சொல்லிக் கொடுக்காமல், செய்து பார்த்தும் விவாதித்தும் மாணவர் தாமே அறிவைக் கட்டமைத்துக்கொள்ள விடுவதே தங்கள் முறை என்று சேர்க்கையின்போது சொன்னார்கள். பள்ளிப் பாடத்திட்டங்களுக்கு வழிகாட்டும் ஆவணமாக வந்த தேசிய கலைத்திட்ட வடிவமைப்பு 2005 வலியுறுத்தியதும் இதுவே. செயல்வழிக் கற்றலைத் தொடக்கப் பள்ளியோடு மூட்டை கட்டிவிடும் வழக்கத்துக்கு நடுவில், பொதுத்தேர்வுக்கு முந்தைய வகுப்பில் இதைச் செய்யத் துணிந்ததற்காகவே சேர்த்தோம்.

நேரில் நடந்த வகுப்புகளில் அவளுக்குக் குறையே இல்லை. ஒருமுறை கொள்ளிடத்து மணலையும், வயல் களிமண்ணையும், படுகை வண்டலையும் கொண்டுவரச் செய்து, அடியை வெட்டிக் கவிழ்த்த பாட்டில்களில் நிரப்பி, எது அதிக நீரைப் பிடித்துவைக்கும் என்று ஊகித்து எழுதிய பிறகே தண்ணீர் ஊற்ற விட்டிருக்கிறார் அறிவியல் ஆசிரியர். இறுகிக் கிடக்கும் களிமண்ணில் நீர் தங்க இடமிருக்காது என்று எழுதியிருந்தாள் மகள். வடிந்ததை அளந்தபோது களிமண்தான் அதிகம் பிடித்திருந்தது. அன்று மாலை, “நடவுக்கு முன்னால் சேறடிப்பது தண்ணீர் கீழே இறங்காமல் இருக்கத்தானே, தாத்தா?” என்று கேட்டாள். வாழ்நாளெல்லாம் சேற்றில் நின்ற என் மாமனார், பள்ளிக்கூடத்தில் இதெல்லாமா சொல்கிறார்கள் என்று வியந்தார்.

அன்று வீட்டிலிருந்து பார்த்த பிள்ளைகளுக்கு இந்த நிறைவு கிடைக்கவில்லை. ஆசிரியர் மாட்டியிருக்கும் ஒலிவாங்கியில் அவர் குரல் மட்டுமே தெளிவாக வரும். வகுப்பில் இருப்போரின் பேச்சு வெறும் இரைச்சலாகவே கேட்கும். விவாதமே பாடமாக உள்ள வகுப்பில் இது சின்னக் குறை அல்ல. தனியே முடியாததையும் தெரிந்தவர் கைகொடுத்தால் பிள்ளை செய்துவிடும் என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னாரே, அந்தக் கை உரிய நேரத்தில் நீள வேண்டும். திரையில் காத்திருப்பவரிடம் அது வருவதற்குள் குழு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது. திரையை மட்டும் குறை சொல்வதும் சரியாகாது. மஞ்சள் தூள் கரைசலில் சோப்பு நீரும் எலுமிச்சைச் சாறும் விட்டு நிறமாற்றத்தைக் கண்ட அமில, காரப் பாடத்தில், எல்லோர் வீட்டு அடுப்படியிலும் அதே பொருள்கள் இருந்ததால், இணையவழியில் இருந்தவர்களே அதிகம் பேசினார்களாம்.

ஐப்பசி, கார்த்திகை மழை விடுமுறைகளில் பாடம் நிற்காதது நன்மைதான், மின்சாரம் இருந்த வரையில். மாதத் தேர்வு மட்டும் பழைய ஒரு மதிப்பெண் மனப்பாடக் கேள்விகளோடு அப்படியே இருக்கிறது. செய்து கற்றதைக் கேட்கவே மாட்டார்களா என்று மகள் சலித்துக்கொள்கிறாள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அடுத்த ஆண்டும் அங்கேயே தொடர்கிறாள். அறிவியல் செய்முறை உள்ள நாட்களை மட்டும் வீட்டு நாளாகத் தேர்ந்துகொள்வதில்லை என்று அவளே முடிவு செய்திருக்கிறாள்.