கத்தியா, ஊசியா? நாயின் மாஸ்ட் செல் கட்டிக்கு எது சரி

நாய்களின் தோலில் வரும் புற்றுக்கட்டிகளில் மாஸ்ட் செல் கட்டிதான் அதிகம். மாஸ்ட் செல் என்பது, ஒவ்வாமையைக் கிளப்பும் ஹிஸ்டமைன் என்ற ரசாயனத்தைத் தேக்கி வைத்திருக்கும் ஒரு நோயெதிர்ப்பு செல். பாக்ஸர், பக், லாப்ரடார் வளர்ப்பவர்களுக்குக் கவனம் கூடுதலாகவே வேண்டும். சில சமயம் மரு போலத் தெரியும், சில சமயம் கொழுப்புக்கட்டி போல. ஒரு நாள் வீங்கும், மறுநாள் வற்றும். கண்ணால் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஊசியில் செல்களை உறிஞ்சி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, அதுதான் என்று தெரிந்துவிட்டது, வேறெங்கும் பரவவில்லை. அப்புறம் என்ன?

காலங்காலமாக இருக்கும் வழி அறுவை சிகிச்சை. கட்டியோடு சுற்றிலும் 2 முதல் 3 செ.மீ. நல்ல தோலையும், அடியில் தசையை மூடிய உறையையும் சேர்த்தே எடுப்பார்கள். இதில் கிடைக்கும் பெரிய லாபம், முழுக் கட்டியும் பரிசோதனைக்கூடத்துக்குப் போவது. மெதுவாக வளரும் வகையா, மூர்க்கமான வகையா, ஓரத்தில் செல்கள் மிஞ்சியிருக்கின்றனவா என்பதெல்லாம் அறிக்கையில் வந்துவிடும். மேற்கொண்டு கீமோ தேவையா என்ற முடிவும் அதை வைத்துத்தான்.

எதிரணியில் இருப்பது டிகிலனால் டிக்லேட் என்ற ஊசி மருந்து. விற்பனைப் பெயர் ஸ்டெல்ஃபோன்டா. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மழைக்காட்டில் வளரும் ப்ளஷ்வுட் மரத்தின் விதையிலிருந்து எடுப்பது. 2020இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. நேரே கட்டிக்குள் செலுத்துவார்கள். பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சிதைந்து, ஒரு வாரத்துக்குள் அது கறுத்து உதிரும். ஒரே ஊசியில் 28 நாளில் 75 சதவீத நாய்களுக்குக் கட்டி முழுதும் மறைந்ததாகச் சோதனை முடிவு. ஆனால் உதிர்ந்த இடத்தில் திறந்த புண் இருக்கும், ஆற ஆறு வாரம் போல ஆகலாம். பார்க்கவே வயிற்றைப் பிசையும், முன்கூட்டியே மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். கட்டி 10 கன செ.மீ.க்கு மேல் இருந்தால் இந்த ஊசி கிடையாது. ஸ்டீராய்டும் ஹிஸ்டமைன் தடுப்பு மருந்துகளும் இல்லாமல் இதைப் போடவே கூடாது.

என் கணக்கு இது: கட்டி விலாவிலோ முதுகிலோ இருந்தால் யோசிக்காமல் அறுவை சிகிச்சை. அங்கே தோல் தளர்வாக இருப்பதால் தாராளமாக எடுத்துத் தைக்கலாம், அறிக்கையும் கையில் இருக்கும். பாதத்திலோ கணுக்காலிலோ என்றால் ஊசிதான் ஜெயிக்கிறது. அங்கே 3 செ.மீ. தோலுக்கு எங்கே போவது? காலையே எடுக்க வேண்டும் என்ற பேச்சுகூட வரும். மயக்க மருந்து தாங்காத வயதான நாய்க்கும் ஊசியே மேல். ஆனால் உதிர்ந்த கட்டியை யாரும் சோதிக்க முடியாது. உறிஞ்சிய செல்களை வைத்து வீரியத்தை ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோசெரனிப் மாத்திரை இந்தப் போட்டிக்கே வராது. திரும்பி வந்த, வெட்ட முடியாத கட்டிகளுக்கானது அது. அங்கும் பாதிக்கும் குறைவான நாய்களுக்கே கட்டி சுருங்கியது.

எந்த வழியானாலும், சிகிச்சை தொடங்கும்வரை கட்டியை அமுக்கிப் பார்க்காதீர்கள். உள்ளிருக்கும் ஹிஸ்டமைன் கொட்டினால் சுற்றிலும் வீங்கும், வாந்தியும் வயிற்றுப்புண்ணும்கூட வரலாம்.