கிள்ளை தியான முகாம்: மூச்சும் இறால் தடவலும்

கிள்ளைப் பக்கம் ஒரு தோப்பில் வார இறுதியில் நடக்கும் இரண்டு நாள் பௌத்தத் தியான முகாமைப் பற்றி எழுதுகிறேன். நான் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரில், இருக்கும் நர்ஸ். 2021 இரண்டாம் அலையில் கோவிட் வார்டில் இருந்தவள். அதற்குப் பிறகும் வேலை ஒழுங்காகத்தான் நடந்தது, ஊசி போடும் கை நடுங்கியதில்லை. ஆனால் யார் இறந்தாலும், யார் பிழைத்து வீட்டுக்குப் போனாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. என்னைப் போல இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சொல்லித்தருபவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மந்திரம், பூஜை எதுவும் கிடையாது. மூச்சு வருவதையும் போவதையும் மூக்கு நுனியில் கவனிக்கும் ஆனாபானசதி, அப்புறம் தோப்புக்குள் நடைத்தியானம், நடுவில் கொஞ்சம் பேச்சு. பௌத்தம் இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. தெற்கே நாகப்பட்டினத்தில் கடல் கடந்த சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்திருக்கிறான். 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த வைத்தியர். துன்பம், அதன் காரணம், அது தீரும் என்பது, தீர்க்கும் வழி எனப் புத்தர் சொன்ன நான்கு வாய்மைகளையும் வைத்தியர் நோய் பார்க்கும் வரிசையிலேயே ஐயா விளக்கினார். எனக்கு அது உடனே பிடிபட்டது.

உட்கார்வதுதான் கஷ்டமாக இருந்தது. கண்ணை மூடினால் மானிட்டர் சத்தம். ஐயாவிடம் சொன்னேன். "விரட்டாதீங்கம்மா. கேக்குதுன்னு தெரிஞ்சா போதும், மறுபடி மூச்சுக்கு வாங்க" என்றார்.

தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து எங்களைக் கழிமுக வாய்க்காலுக்கு அழைத்துப் போனார்கள். முகாமின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அங்கே பாடம் நடத்துவது கிள்ளையின் இருளர் பெண்கள். வலை கிடையாது. இறாலைப் போடும் கூடையான பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். வாயில் பறி இருப்பதால் பேச்சே இல்லை. எங்கள் குழுவுக்கு வந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. இறங்கும் முன், அலையாத்திக் காட்டின் சுரபுன்னை மர வேருக்குள் எங்கே கால் வைக்கலாம் என்று காட்டினார். தில்லை மரத்தில் கிளை ஒடிக்கக் கூடாது, பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கெளுத்தி முள் குத்தினால் கடுக்கும், பயந்து கையை இழுக்கக் கூடாது.

நான் வேகமாகத் தடவினேன். "தண்ணிய கலக்காதம்மா. கைய வச்சுட்டு சும்மா இரு. அதுவா வரும்" என்றார். இருந்தேன். காலையெல்லாம் மூச்சில் நிற்காத கவனம், சேற்றில் உள்ளங்கையை வைத்ததும் அங்கேயே நின்றது. குளிர்ந்த சேறு, ஒரு வேர், அப்புறம் விரலுக்கடியில் சின்னதாக ஓர் உயிர் துள்ளியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா ஏன் என்று கேட்கவில்லை, பக்கத்திலேயே தடவிக்கொண்டிருந்தார். கரையேறிய பிறகு, 2004 ஆழிப்பேரலையன்று இந்தக் காடு அலையை வாங்கிக்கொண்டதால்தான் தன் தெரு பிழைத்தது என்று சொன்னார். இந்தப் பெண்களுக்கு இது பிழைப்பு. நாம் அங்கே கற்றுக்கொள்ளப் போகிறோம் என்ற நினைப்பு எப்போதும் இருக்க வேண்டும்.

அதனால்தான் சில விஷயங்கள் உறுத்தின. முகாம் நோட்டீஸில் ஐயாவின் படம் இருக்கிறது, இருளர் பெண்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வந்தவர்களில் சிலர் ஈரப் புடவையோடு நின்ற பெண்களைக் கேட்காமலே போனில் படம் எடுத்தார்கள். நடத்துபவர்கள் தடுத்திருக்க வேண்டும். இரண்டாம் நாள் காட்டையும் மூலிகையையும் பற்றி அந்த அம்மா பேச ஆரம்பித்தபோது நேரமாகிவிட்டது என்று முடித்துவிட்டார்கள். அரை நாளாவது அவருக்குக் கொடுங்கள். மற்றபடி தியானம் சொல்லித்தரக் காசு வாங்குவதில்லை. சாப்பாடு, படகு, அந்தப் பெண்களின் கூலி, இதற்கு மட்டும்தான் கட்டணம். அது நியாயம். கம்பங்கூழும் கருவாடும் நன்றாக இருந்தன. கழிப்பறை போதாது.

சாகலாம் என்ற எண்ணம் வரும் அளவுக்கு மனம் சரியில்லாதவர்கள் இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். முதலில் டாக்டரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் போன் செய்யுங்கள். தூக்கம் கெட்டு, எதிலும் ஒட்டாமல் இருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். எனக்குத் தூக்கம் திரும்பியிருக்கிறது. நாடி பார்க்கும்போது அது ஒரு மனுஷரின் கை என்று மறுபடியும் தெரிகிறது. வார்டில் என்னோடு இருந்த இரண்டு பேர் அடுத்த முகாமுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறிக் கிள்ளையில் இறங்கலாம். சேற்றுக்கு ஏற்ற பழைய துணியும் மாற்றுத் துணியும் கொண்டுபோங்கள். ராத்திரி கொசு அதிகம்.