நச்சரிப்பு, நிவாரணம், அரசு உதவி: நம் நன்கொடைக்கு எந்த வழி நல்லது?

தெருமுனையில் கையில் டேப்லெட்டோடு வழிமறிக்கிறார்கள். ஓய்வாக உட்காரும் நேரம் பார்த்து ஃபோன் வருகிறது. ஒருமுறை பணம் அனுப்பிவிட்டால், தொகையைக் கூட்டித் தர முடியுமா என்று கேட்டுக் கடிதம்மேல் கடிதம் வருகிறது. இதற்கு எரிச்சல்படுவது கஞ்சத்தனம் இல்லை. கூடவே இன்னொரு சந்தேகமும் எழுகிறது: நாம் கொடுப்பதும், நம் வரிப்பணத்தில் அரசு வெளிநாடுகளுக்குக் கொடுப்பதும் உண்மையில் யாருக்காவது போய்ச் சேருகிறதா?

இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதலாவது, பணத்தை எப்படிக் கேட்கிறார்கள் என்பது. இரண்டாவது, அந்தப் பணம் என்ன செய்கிறது என்பது. கேட்டவர் மேல் வந்த கோபத்தில் கொடுப்பதையே நிறுத்தினால், அந்தக் கோபத்துக்குச் சம்பந்தமே இல்லாத நோயாளிகள்தான் நஷ்டப்படுகிறார்கள். அதனால் நம் முன்னால் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்போம்.

வாசலில் கையெழுத்து வாங்கும் மாதச் சந்தா

தெருவிலும் வீட்டு வாசலிலும் கேட்பவர்களில் பலர் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் இல்லை. ஆள்பிடித்துத் தருவதையே தொழிலாகச் செய்யும் ஏஜென்சிகள் அனுப்புகிறவர்கள். ஒவ்வொரு புதிய சந்தாதாரருக்கும் தொண்டு நிறுவனம் அந்த ஏஜென்சிக்குக் கட்டணம் கொடுக்கிறது. ஆகவே நாம் கட்டும் முதல் பல மாதத் தவணைகள் அந்தக் கட்டணத்தை ஈடுகட்டத்தான் போகின்றன. நாம் வருடக்கணக்கில் தொடர்ந்தால் நிறுவனத்துக்கு லாபம். ஆனால் தர்மசங்கடத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் பெரும் பங்கினர் ஒரு வருடத்துக்குள் நிறுத்திவிடுகிறார்கள். நான்காம் மாதம் நிறுத்துகிறவரின் பணத்தில் அநேகமாக எதுவுமே பயனாளிக்குப் போவதில்லை. இந்த வழியின் பெரிய குறை இதுதான், நச்சரிப்பு அதற்கு அடுத்ததுதான்.

அந்த நச்சரிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை 2015-இல் பிரிட்டன் பார்த்தது. பல ஆண்டுகள் தானே நின்று நிதி திரட்டிய 92 வயது மூதாட்டி ஒருவர் இறந்தார். விசாரித்தபோது 99 தொண்டு நிறுவனங்களிடம் அவருடைய விவரங்கள் இருந்தது தெரியவந்தது. அவர் மரணத்துக்கு அந்த நிறுவனங்கள் காரணம் என்று குடும்பத்தார் சொல்லவில்லை. ஆனால் பெயர்ப் பட்டியல்கள் எப்படிக் கைமாறுகின்றன என்பது வெளியே வந்தது. 2016-இல் நிதி திரட்டலுக்குத் தனி ஒழுங்குமுறை அமைப்பு வந்தது. அடுத்த ஆண்டே, குறிப்பிட்ட நிறுவனங்களின் கடிதத்தையும் அழைப்பையும் நிறுத்தச் சொல்லும் வசதியும் மக்களுக்குக் கிடைத்தது.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். மாதாமாதம் உறுதியாக வரும் பணத்தை நம்பித்தான் ஒரு கிளினிக் நர்ஸுக்குச் சம்பளம் திட்டமிட முடியும். மாதச் சந்தா நல்ல ஏற்பாடு. அதை வாசலில் வைத்து வாங்குவதுதான் கெட்ட ஏற்பாடு. அதே நிறுவனத்துக்கு நாமே இணையத்தில் சந்தா கட்டினால் ஏஜென்சிக் கட்டணம் என்ற பேச்சே இல்லை.

பேரிடர் வேண்டுகோள்

மனம் உடனே இளகுவது இதற்குத்தான். பணம் தேவைக்கு அதிகமாகக் குவிவதும் இங்கேதான். 2004 சுனாமிக்குப் பிறகு சில நாட்களிலேயே, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு இனி சுனாமிக்கென்று பணம் அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. வந்த தொகை அவர்களால் அங்கே செய்யக்கூடிய வேலையைத் தாண்டிவிட்டது. மீதியை வேறு நெருக்கடிகளுக்குச் செலவிடலாமா என்று கொடுத்தவர்களிடமே அனுமதி கேட்டார்கள், மிகப் பெரும்பாலோர் சம்மதித்தார்கள். அந்த நேர்மைக்காகவே அவர்களை நான் மதிக்கிறேன். நிவாரண நிதிக்குக் கொடுப்பதானால், “தேவையான இடத்தில் பயன்படுத்துங்கள்” என்று கட்டுப்பாடில்லாமல் கொடுப்பது மேல்.

கையில் காசா, கொசுவலையா?

நல்ல பலன் தரும் இரண்டு வழிகள் இங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன. கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு ஏழைக் குடும்பங்களுக்கு மொபைல் மூலம் நேரடியாகப் பணம் அனுப்புகிறது. என்ன வாங்குவது என்று அந்தக் குடும்பமே முடிவு செய்கிறது. கென்யாவின் சியாயா பகுதியில் 653 கிராமங்களில் இதைப் பெரிய அளவில் ஆய்வு செய்தார்கள். 10,500-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா ஏறக்குறைய 1,000 டாலர் போனது. ஒவ்வொரு டாலரும் உள்ளூர்ப் பொருளாதாரத்தில் சுமார் இரண்டரை டாலர் அளவுக்கு நடமாட்டத்தை உண்டாக்கியது. பணம் பெறாத அண்டை வீட்டாரின் செலவும் உயர்ந்தது. விலைவாசி கிட்டத்தட்ட ஏறவே இல்லை. சும்மா காசு கொடுத்தால் ஊதாரித்தனமாகத்தான் செலவழிப்பார்கள் என்று இன்னமும் சொல்பவர்கள் இந்த முடிவுகளைப் பார்க்க வேண்டும்.

அதே அமைப்பு காங்கோவில் சுமார் 9 லட்சம் டாலரை மோசடியில் இழந்தது. பயனாளிகளின் சிம் கார்டுகளை வைத்து ஊழியர்களே ஏமாற்றினார்கள். 2023-இல் அமைப்பே அதைப் பகிரங்கமாகச் சொன்னது. இழப்பு பெரியதுதான், ஆனாலும் மறைத்துவைத்த நிறுவனத்தைவிட வெளியே சொன்ன நிறுவனத்தின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

கொசுவலையின் கணக்கு வேறு. 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் சுமார் 66 கோடி மலேரியா பாதிப்புகள் தடுக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு, கொசுவைக் கொல்லும் மருந்தூட்டிய வலைகளால். வலை மலிவு, கொடுத்ததை எண்ணலாம், சில மாதம் கழித்துப் போய்க் கட்டியிருக்கிறார்களா என்றும் பார்க்கலாம். ஒரே தொகையால் குழந்தைகளின் உயிரைக் காப்பது முக்கியம் என்றால் வலை முந்துகிறது. அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையை அவர்கள் விருப்பப்படி உயர்த்துவது முக்கியம் என்றால் பணம் முந்துகிறது. என் தேர்வு வலைதான்.

இரண்டுக்கும் ஒரு பொதுவான நல்ல குணம்: நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்பதை விட்டுவிட்டு, என்ன பலன் கிடைத்தது என்பதைக் கேட்க வைக்கின்றன. கணக்குப் பார்க்கவும் சரிபார்க்கவும் ஆள் வைத்தால் அதுவும் நிர்வாகச் செலவுதான். காங்கோ மோசடி போன்றவற்றைத் தடுக்க அந்தச் செலவு வேண்டும்.

அரசு தரும் வெளிநாட்டு உதவி

நம்மைக் கேட்காமலே போகும் பணம் என்பதால் சந்தேகம் இங்கேதான் அதிகம். பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-இல் சொன்னது. அதை எட்டியவை நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் போன்ற சில நாடுகளே. அமெரிக்காவில் கருத்துக் கணிப்புகள் எடுத்தால், மத்திய பட்ஜெட்டில் கால்வாசி வெளிநாட்டு உதவிக்குப் போகிறது என்று மக்கள் நினைப்பது தெரிகிறது. உண்மையில் போனது சுமார் 1 சதவீதம்.

சந்தேகத்துக்கு நல்ல காரணங்களும் உண்டு. மலேசியாவின் பெர்காவ் அணைக்கு பிரிட்டன் கொடுத்த உதவி ஆயுத விற்பனையோடு பின்னியிருந்தது. அது சட்டவிரோதம் என்று 1994-இல் லண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் பிரிட்டன் “வெளிநாட்டு உதவி” என்று கணக்குக் காட்டியதில் கால்வாசிக்கும் மேல், தன் நாட்டுக்குள்ளேயே அகதிகளுக்காகச் செலவழித்தது. விதிகள் அதை அனுமதிக்கின்றன. அகதிகளுக்குச் செலவு செய்வது நல்ல காரியம்தான், ஆனால் அதை ஏழை நாடுகளுக்கான பணத்திலிருந்து எடுப்பது சரியில்லை. பொருளாதார நோபல் பெற்ற ஆங்கஸ் டீட்டன் எழுப்பும் கேள்வி இன்னும் ஆழமானது: உதவிப் பணத்தில் ஓடும் அரசுக்குத் தன் குடிமக்களின் வரி தேவைப்படாது, அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமும் குறைந்துவிடும்.

ஆனால் பெரியம்மையை எந்தத் தெருமுனை வசூலும் ஒழிக்கவில்லை. 1967-இல் தீவிரப்படுத்தி 1980-இல் முடிந்துவிட்டதாக அறிவித்த அந்தப் பணிக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 30 கோடி டாலர். பெரும்பங்கை நோய் இருந்த நாடுகளே ஏற்றன, மீதி வெளியிலிருந்து வந்தது. பனிப்போருக்கு நடுவிலும் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒரே பணிக்குக் கைகொடுத்தன. 2003-இல் அமெரிக்க அதிபர் புஷ் தொடங்கிய எச்.ஐ.வி. திட்டம் கோடிக்கணக்கானோருக்கு மருந்து கொடுத்து உயிரோடு வைத்தது. இந்த அளவு வேலையைத் தனியார் நன்கொடையால் ஈடுசெய்ய முடியாது. அதனால்தான் 2025-இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் மூடப்பட்டதும், 2027-க்குள் உதவியைத் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைப்பதாக பிரிட்டன் அறிவித்ததும் எனக்குப் பெரிய கவலை தருகின்றன.

சரி, கையில் ஒரு தொகை இருக்கிறது, என்ன செய்யலாம்? வாசலில் நிற்பவரிடம் நிறுவனத்தின் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு, “பார்த்துவிட்டு நானே நேரடியாக அனுப்புகிறேன்” என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடலாம். அவரும் வேலைக்கு வந்தவர்தான், கோபப்பட வேண்டியதில்லை. அப்புறம் கொசுவலை, தடுப்பூசி, நேரடிப் பணம் போல ஒரே வேலையைச் செய்து கணக்கை வெளியிடும் அமைப்பு ஒன்றைத் தேர்ந்து மாதச் சந்தா கட்டலாம். அரசு உதவி பற்றி ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேட்க வேண்டியவை வேறு: அந்தப் பணத்தில் எவ்வளவு நாட்டை விட்டே வெளியே போனது, எவ்வளவு மானியம், எவ்வளவு கடன், எந்த நாட்டுக் கம்பெனிக்கு ஒப்பந்தம் கிடைத்தது?