தறிக்குழியின் மேல் ஒரு வருடம்

போன ஆனியில் பால் காய்ச்சி இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தோம். இதோ இந்த ஆனியும் முடியப் போகிறது. வீட்டைப் புதுப்பிக்கும் வேலை முடிந்த புதிதில் கேட்டவர்களிடமெல்லாம், "தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடுங்க, கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று கேட்டாலும் அதே கல்லைத்தான் சொல்வேன். கண்ணை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு சேலம் அம்மாபேட்டையில். மாமா காலத்து நெசவு வீடு. தெருவைப் பார்த்த திண்ணை, நீளமாக ஒரே கூடம், கூடத்தின் நடுவில் குழித்தறி, பின்னால் சமையல்கட்டு, கிணற்றடி. முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் குழியில் காலை விட்டு உட்கார்ந்து மாமா பட்டு வேட்டி நெய்திருக்கிறார். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த சமயம் அவருடைய தறி பிரித்துப் பரணில் ஏறியாகிவிட்டது. குழி மட்டும் பலகை போட்டு மூடிக் கிடந்தது. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் அந்தப் பலகை தடக் என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தை நிறுத்தத்தான் வேலையே ஆரம்பித்தோம் என்று இவர் கிண்டல் செய்வார். தையில் ஆரம்பித்தது, ஐந்து மாதம் இழுத்தது.

கல் வாங்கப் போனதுதான் அந்த வருடத்தின் முதல் பயணம். நாமக்கல், முசிறி, திருச்சி, புதுக்கோட்டை என்று விடியற்காலையில் கிளம்பிக் காரைக்குடி போய், அங்கிருந்து ஆத்தங்குடி. கல் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தோம். இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடித் தகடு, அதன் மேல் பூ அச்சு, அச்சின் அறைகளுக்குள் கரண்டியால் வண்ணச் சிமெண்டுக் கரைசல். அச்சைத் தூக்கியதும் மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும், அதற்கும் மேல் ஈரக் கலவை. கரணையால் ஒரு தட்டு, அவ்வளவுதான். சூளை கிடையாது. காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊற வேண்டும். அப்புறம் கண்ணாடி கழன்று வரும்போது அதன் வழவழப்பு கல்லில் தங்கிவிடுகிறது. இவர் அரை மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிவப்பில் கரையும் மஞ்சள் பூவும் போட்ட கல்லுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். உடைசலுக்கு என்று கூடுதலாக முப்பது கல் வாங்கினோம். அப்போது அது வீண் செலவு என்று தோன்றியது.

கல் எப்படி இருக்கிறது? சித்திரையில் வெறும் தரையில் படுத்தால் எழுந்திருக்க மனம் வராது. முதல் மூன்று மாதம் மங்கலாக, வெள்ளைப் பூத்து, "இதுக்கா இவ்வளவு தூரம் போனீங்க?" என்று அத்தை கேட்கும்படிதான் இருந்தது. துடைக்கிற தண்ணீரில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடச் சொன்னார்கள், விட்டோம். காலடி படப்பட மெருகு ஏறியது. இப்போது கதவடியில் வெயில் விழுந்தால் கண் கூசுகிறது. எதிரி புளிதான். அடிப்படையில் இது சிமெண்டு, அமிலம் பட்டால் அரித்துவிடும். புளிக்குழம்புப் பாத்திரத்தைச் சாய்த்துவிட்டு, தொலைக்காட்சி பார்த்து முடித்ததும் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த வெளுப்பு இன்னும் இருக்கிறது, அதன் மேல் ஒரு முக்காலி நிற்கிறது. குளியலறைக்கு ஊற்றுகிற ஆசிட்டைக் கூடத்துப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

சமையலறை. இதைத் திரும்பச் செய்ய விட்டால் பாதியை மாற்றுவேன். மேடையின் உயரம் 32 அங்குலம், என் உயரத்துக்குச் சரி. இவர் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை சமையல் இவருடையது என்பதை உயரம் சொல்லும்போது இரண்டு பேருமே மறந்துவிட்டோம். பன்னிரண்டு மணிக்கு மேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரி எட்டே மாதத்தில் உப்பிக் கதவு மூட மறுத்தது. 'வாட்டர் ப்ரூஃப் பிளைவுட்' என்று வாய் வார்த்தையாகச் சொன்னதை நம்பியது எங்கள் தப்பு. கழற்றிப் பார்த்தால் பலகையில் இருந்தது ஐ.எஸ். 303 என்ற தர முத்திரை, அதிலும் ஈரப்பதம் மட்டும் தாங்குகிற எம்.ஆர். ரகம். தண்ணீர் புழங்குகிற இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பலகை வண்டியிலிருந்து இறங்கும்போதே பார்க்க வேண்டும், அறுத்து மைக்கா ஒட்டிய பிறகு முத்திரை எங்கே தெரியும்? இப்போது அந்த இடத்தில் கதவே இல்லை. கடப்பாக் கல்லில் இரண்டு தட்டு, முன்னால் ஒரு துணித்திரை. அம்மா வீட்டில் நாற்பது வருடமாக அப்படித்தான் இருக்கிறது.

மாடிக்கு வெள்ளைக் கூலிங் பெயின்ட். ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடுகிற ஊரில் இது வேலை செய்கிறது. ஃபேனைப் போட்டால் அனல் இறங்குவது குறைந்தது, சாயங்காலம் வெறுங்காலோடு மாடியில் நடக்க முடிகிறது. ஆனால் தெருப் புழுதி படிந்து வெள்ளை சாம்பலானதும் பாதிப் பலன் போய்விடும். மாசிக் கடைசியில் துடைப்பமும் சோப்புத் தண்ணீருமாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும். போர் தண்ணீர் உப்பு, குழாய் வாயெல்லாம் வெள்ளைப் பொருக்கு. குளியலறையில் வாட்டம் தப்பு. அடிக்குக் கால் அங்குலமாவது சல்லடையைப் பார்த்துச் சரிய வேண்டிய தரை கதவைப் பார்த்துச் சரிகிறது. குளித்து முடித்துத் தண்ணீரைத் தள்ளித் தள்ளி இவருக்குக் கை பழகிவிட்டது. இதைப் பற்றி இதற்கு மேல் பேசினால் கோபம் வரும்.

வீட்டில் சிமெண்டுத் தூசி தின்ற ஐந்து மாதத்துக்குப் பதிலாக ஊர் சுற்றுவது என்று முடிவெடுத்திருந்தோம். ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர். காவிரியில் முழுகி, அணைக்கட்டு முனியப்பனைக் கும்பிட்டு, கூட்டத்தில் இவருடைய ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தோம். ஏற்காட்டுக்குப் போனதுதான் அதிகம், ஆறு முறை. என் கல்லூரித் தோழி கல்யாணமாகி நாகலூர்ப் பக்கம் இருக்கிறாள், சின்னதாக ஒரு காப்பித் தோட்டம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பேராக ஏறிவிடலாம், இறங்குவதுதான் சிக்கல். எஞ்சின் பிடிமானம் பெரிதாகக் கிடைக்காமல் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினோம். முதல் முறை பத்து வளைவு தாண்டுவதற்குள் தீய்ந்த வாசனை. ஓரங்கட்டிக் கால் மணி நேரம் ஆறப் போட்டோம். அதற்குப் பிறகு பேருந்துதான். மே மாதக் கூட்டத்தில் மட்டும் ஏரிப் பக்கம் போகாதீர்கள்.

நாங்கள் போனது ஏரிக்காக இல்லை. கார்த்திகை, மார்கழியில் பழம் பறிக்கிற சமயம். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, அடியில் காப்பி. சிவந்த பழத்தை மட்டும் கிள்ள வேண்டும், நான் பச்சையையும் சேர்த்து உருவிவிட்டுத் திட்டு வாங்கினேன். தோல் நீக்கிக் கழுவிய கொட்டையைக் களத்தில் பரப்பித் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். தோழியின் மாமனார் அந்தக் களத்தைத் தானே நின்று போட்டாராம். "எங்க தண்ணி ஊத்துனாலும் அந்த மூலைக்குத்தான் போகும், பாருங்க" என்று ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். போனது. இவர் என்னைப் பார்த்தார், நான் குளியலறையை நினைத்துக்கொண்டேன். பங்குனியில் ஒரு மழை பெய்த பத்தாம் நாள் வாக்கில் போனால் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து மல்லிகை மாதிரி மணக்கிறது. அன்றைக்கே சேர்வராயன் கோயிலுக்கும் போனோம். 5,326 அடி உயரத்தில், குனிந்து நுழைகிற குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். மேட்டூரில் முழுகிய கடனும் கழிந்தது என்றாள் தோழி.

பதிலுக்கு அவர்கள் கீழே வருவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் கூடத்தில் எட்டுப் பத்து பேர் உட்காருவோம். தட்டுவடை செட் வீட்டிலேயே போடுவோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி, புதினாச் சட்னி. யாரும் நாற்காலி கேட்டதில்லை. சோபா வாங்க வைத்திருந்த காசு அப்படியே மிச்சமானது. இந்தப் புதுப்பிப்பில் எங்கள் திட்டத்தில் இல்லாமலே நல்லபடியாக அமைந்தது இந்த ஒன்றுதான்.

தரையில் இருந்த கோளாறைக் கண்டுபிடித்ததும் அந்தக் கூட்டம்தான். ஐப்பசி மழை விட்ட பிறகு வந்த ஒரு ஞாயிறு. தோழியின் ஐந்து வயதுப் பையன் கோலிக்குண்டு விளையாடிக்கொண்டிருந்தான். "அத்தை, எங்க விட்டாலும் இங்கயே வருது." விட்டுப் பார்த்தோம். வாசல் பக்கமிருந்து விட்டால் வந்தது, சமையலறைப் பக்கமிருந்து விட்டாலும் வந்தது, கூடத்தின் நடுவில் வந்து நின்றது. இவர் ரசமட்டத்தை எடுத்துவந்து வைத்தார். குமிழ் ஒதுங்கியே நின்றது. தையில் அங்கே இரண்டு கல் விரிசல் விட்டது.

மேஸ்திரி வந்து குனிந்து தட்டிப் பார்த்தார், டொப் டொப் என்று கேட்டது.

"குழியில என்னங்க போட்டீங்க?"

"நீங்கதானங்க போட்டீங்க."

உடைத்த பழைய பூச்சு, செங்கல் துண்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒரே மத்தியானத்தில் கொட்டி, மேலே மணலைப் பரப்பி, கான்கிரீட் போட்டிருந்தார்கள். அன்றைக்கே மாமா சொன்னார்: "அரை அடி அரை அடியா மண்ணு போட்டு, தண்ணி விட்டு, திமிசு போட்டு இடிங்க. ஒரு வாரம் ஆறட்டும்." ஆனியில் நாள் பார்த்தாகிவிட்டது, ஒரு வாரத்துக்கு எங்கே போவது? நாங்கள் கேட்கவில்லை. அவரும் இரண்டாம் முறை சொல்லவில்லை. மழையில் கிணற்றடி ஈரம் அடியில் இறங்கியதும் இடுக்கெல்லாம் அமுங்கியிருக்கிறது.

மாசியில் தோண்டினோம். காலி சிமெண்டுச் சாக்கு நாலு, தெர்மாகோல் கட்டி, உடைந்த பீங்கான் எல்லாம் வந்தன. மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு அரை அடிக்கும் மேஸ்திரி அவர் முகத்தைப் பார்த்தார், அவர் தலையாட்டினால்தான் அடுத்த சட்டி மண். பரணிலிருந்த முப்பது கல்லில் இருபத்திரண்டு போனது. வீண் செலவு என்று நினைத்தேனே, அந்த முப்பதுதான்.

பழைய கல் ஒரு வருடக் காலடியிலும் எண்ணெயிலும் அடர்ந்து கறுத்த சிவப்பாகிவிட்டது. புதுக் கல் இன்னும் பச்சைச் சிவப்பு. கூடத்தின் நடுவில் நீள் சதுரமாக, தறிக்குழி இருந்த அதே அளவில், அதே இடத்தில் தெரிகிறது. வருகிறவர்கள் என்ன இது என்று கேட்டால் மாமா சொல்ல ஆரம்பித்துவிடுகிறார், நாங்கள் காப்பி போடப் போய்விடுகிறோம்.

போன ஞாயிறு பையன் மறுபடி கோலிக்குண்டோடு வந்தான். புதுக் கல்லின் மேல் வைத்தான், நின்றது. ஓரத்தில் வைத்தான், நின்றது. அப்புறம் எழுந்து குளியலறைக்குப் போனான். அங்கே என்ன நடக்கும் என்று தெரியுமாதலால் நானும் இவரும் எழுந்து போகவில்லை.