13 வருடம் ஒரு பழைய விஎம்சியோடு: விட்டு விட்டு வரும் அலாரமும் நானும்

இந்த மெஷினை 2012-இல் வாங்கினேன். அதற்கு முந்தின டிசம்பர் 30 அன்றுதான் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்திருந்தது. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எங்கள் ஷெட்டுக்குப் புது ஷீட் போட்ட கையோடு, கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்து இறங்கியது. 90-களின் தொடக்கத்தில் செய்த விஎம்சி (கண்ட்ரோல் என்ற கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகத்தை வெட்டி உருவாக்கும் மெஷின்), அதே வயதுள்ள கண்ட்ரோல், பச்சை எழுத்து ஓடும் சிறிய சிஆர்டி திரை. பம்ப் கவர், வால்வு பாடி, சின்னச் சின்ன டை பிளேட் எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. இரும்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்ததெல்லாம் பேனல் என்கிற மின்பெட்டிக்குள் இருக்கும் மின்சாரச் சமாச்சாரம்.

நின்று போன மெஷினைச் சரி செய்வது பெரிய விஷயமில்லை. மீட்டரை வைத்தால் எங்கே இல்லை என்று தெரிந்துவிடும். ஆனால் காலையில் மூன்று முறை அலாரம் அடித்துவிட்டு, ஆளைக் கூட்டி வந்து காட்டும்போது ஒழுங்காக ஓடுகிற மெஷின் இருக்கிறதே, அதுதான் கொடுமை. முதல் ஐப்பசியிலேயே அதைப் பார்த்தேன். எக்ஸ் பக்கம், அதாவது டேபிளை இடது வலமாக நகர்த்தும் மோட்டார் பக்கம், சர்வோ அலாரம். மழை பெய்த மறுநாள் காலையில் வரும், ஒரு மணி நேரம் ஓடினால் நின்றுவிடும், வெயில் அடித்தால் வாரம் முழுக்க வராது.

வந்து பார்த்த எல்லோரும் "டிரைவ் போச்சு" என்றார்கள். டிரைவ் என்பது மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பெட்டி. நம்பிக் கழற்றி சென்னைக்கு அனுப்பினேன். பத்து நாள் மெஷின் நின்றது. பழுது பார்த்ததாக பில் வந்தது, டிரைவும் வந்தது, அடுத்த மழைக்கு அலாரமும் வந்தது. அந்தப் பணம் போனதுகூடப் பரவாயில்லை, பத்து நாள் வேலையை இழந்தது இன்னும் வலிக்கிறது.

அப்புறம்தான் நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணனைப் பிடித்தேன். அவர் பேனலைத் திறக்கவே இல்லை. "எப்ப வருதுன்னு எழுதி வச்சிருக்கீங்களா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப நான் என்னத்தைப் பாக்குறது? ஒரு நோட்டு வாங்கி மெஷின்ல கட்டுங்க. தேதி, மணி, மழையா வெயிலா, என்ன ஜாப், டேபிள் எந்த இடத்துல நின்னுச்சு, எல்லாத்தையும் எழுதச் சொல்லுங்க" என்றார்.

இரண்டு வாரம் எழுதினோம். பிறகு அவர் வந்து எக்ஸ், ஒய் (முன்பின் நகர்வு) இரண்டும் ஒரே அளவு டிரைவ் என்பதை உறுதி செய்துகொண்டு, மெயினை அணைத்து, டிரைவில் உள்ள சார்ஜ் விளக்கு முழுவதும் அணைகிற வரை காத்திருந்து, இரண்டையும் இடம் மாற்றிப் போட்டார். மறுநாள் காலை அலாரம் மறுபடி எக்ஸிலேயே வந்தது. டிரைவ் பழுதாக இருந்திருந்தால் அலாரம் ஒய்க்குப் போயிருக்க வேண்டும். பத்து நாள் சென்னையில் கிடந்த டிரைவுக்கு ஒன்றுமே இல்லை என்பது அரை மணி நேர வேலையில் தெரிந்துவிட்டது.

பழுது டேபிள் ஓரத்தில், எக்ஸ் மோட்டாரின் என்கோடர் (மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று சொல்லும் சென்சார்) கனெக்டரில் இருந்தது. கழற்றிப் பார்த்தால் பின்களில் பச்சைப் பூச்சு. வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட் வருடக்கணக்கில் மெல்ல இறங்கியிருக்கிறது, அதன்மேல் எங்கள் ஊர் உப்புக் காற்று. ஈரம் ஏறினால் ஒரு பின்னிலிருந்து இன்னொரு பின்னுக்கு மின்கசிவு, மோட்டார் சூடானதும் ஈரம் காய்ந்து சரியாகிவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி, காயவிட்டு, மிகவும் அரித்துப்போன கனெக்டரை மாற்றி, கேபிள் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலேறும்படி கட்டினார். வழிகிற கூலன்ட் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், கனெக்டருக்குப் போகாது. அந்த அலாரம் அதோடு போனது.

இரண்டாவது பெரிய தலைவலி 2016-இல். திடீர் திடீரென்று எமர்ஜென்சி காட்டும். ரீசெட் அழுத்தினால் போய்விடும். எமர்ஜென்சி பட்டன், எல்லா லிமிட் ஸ்விட்ச்சும் (டேபிள் எல்லை தாண்டினால் மெஷினை நிறுத்துபவை) 24 வோல்ட்டில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இருக்கும், எது ஒரு கணம் விட்டாலும் மெஷின் நின்றுவிடும். மீட்டரை வைத்து அந்தக் கணத்தைப் பிடிக்க முடியாது. அண்ணன் செய்த ஏற்பாட்டை நான் இன்றுவரை மறக்கவில்லை. விளக்கு வைத்த நான்கு 24 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வாங்கி வரச் சொன்னார். தொடரில் நான்கு இடங்களில் ஒவ்வொன்றையும் இணைத்து, தன் கான்டாக்ட் வழியாகவே தன்னைப் பிடித்துக்கொள்ளும்படி வயரிங் செய்தார். ஒரு நொடிக்குள் வோல்ட் போய்த் திரும்பி வந்தாலும் ரிலே விழுந்தது விழுந்ததுதான், நாம் பட்டன் அழுத்தும் வரை எழாது. எரிகிற கடைசி விளக்குக்கும் அணைந்த முதல் விளக்குக்கும் நடுவில்தான் பழுது.

இரண்டாம் நாளே மாட்டியது. எக்ஸ் லிமிட் ஸ்விட்ச்சுக்குப் போகும் வயர், டேபிளோடு மடங்கி நகரும் கேபிள் செயினுக்குள் தோல் நன்றாக இருக்க உள்ளே செம்பு மட்டும் ஒடிந்திருந்தது. டேபிள் இடது ஓரம் போய் செயின் நன்றாக மடங்கும்போதுதான் விடும். நோட்டைத் திருப்பினேன். எமர்ஜென்சி வந்த நாளெல்லாம் நீளமான பிளேட் ஓடிய நாள். விடை ஒரு மாதமாக எங்கள் கையெழுத்திலேயே இருந்திருக்கிறது. எங்கள் ஆபரேட்டர் தம்பி, "நான்தான் எழுதினேன் அண்ணே, சேர்த்துப் பார்க்கத் தோணலையே" என்று வருத்தப்பட்டான். அவன் எழுதாவிட்டால் அந்த ஒரு மாதமும் வீண்தான்.

பவர் சப்ளையும் ஒரு முறை படுத்தியது. டூல் மாறும்போது மட்டும் திரை மினுக்கும். 24 வோல்ட் லைன் லோடு ஏறும்போது சரிந்துகொண்டிருந்தது, உள்ளே எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் வறண்டுவிட்டன. மாற்றினோம், சரியானது. கூடவே, காயில் அணையும்போது எழும் மின்துள்ளலை அடக்க, ஏசி கான்டாக்டர் காயில்களுக்கு ஆர்சி சப்ரஸர், டிசி காயிலுக்கு டயோடு போட்டோம். பழசெல்லாம் வெடித்துப்போய்க் கிடந்தன.

கெப்பாசிட்டர் வறள்வதற்குச் சூடுதான் காரணம். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. இந்தப் பயத்தில்தான் எங்கள் தொழிற்பேட்டையில் பல பேர் பேனல் கதவைத் திறந்து வைத்து எதிரே ஒரு பெடஸ்டல் ஃபேனை ஓடவிடுகிறார்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். உப்புக் காற்றும் எண்ணெய்ப் புகையும் இரும்புத் தூளும் உள்ளே உள்ள சர்க்யூட் கார்டு மேல் ஒரு படலமாகப் படிந்து, முதல் மழைக்கே மின்சாரம் கசிய ஆரம்பிக்கும். நானே இரண்டு கோடை அப்படி ஓட்டியவன் என்பதால் சொல்கிறேன். இப்போது கதவு மூடியே இருக்கிறது, ஃபில்டரை மாதம் ஒரு முறை கழுவுகிறோம், உள்ளே இருக்கும் ஃபேன் சத்தம் மாறினாலே மாற்றிவிடுகிறோம். மழைக்காலத்தில் ராத்திரி மெஷினை அணைத்த பிறகு பேனலுக்குள் ஒரு 60 வாட் குண்டு பல்பு எரியும். அந்தச் சின்னச் சூடு போதும், காலையில் கார்டில் பனி பூக்காது. ஃபெஞ்சல் புயல் முடிந்து 2024 டிசம்பரில் கரன்ட் வந்தபோதும், ஜெனரேட்டரில் அந்தப் பல்பை ஒரு நாள் எரியவிட்ட பிறகுதான் மெயினையே போட்டேன்.

பேட்டரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஊரடங்கில் மெஷின் நின்றே கிடந்தது, மெமரி பேட்டரி இறங்கி பாராமீட்டர் (மெஷினின் செட்டிங்குகள்) அத்தனையும் அழிந்துவிட்டது. கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆர்எஸ்-232 கேபிளில் முன்பே எடுத்துவைத்த காப்பி ஒரு பழைய லேப்டாப்பில் இருந்ததால் ஒரே நாளில் மீண்டோம். இப்போது மூன்று காப்பி இருக்கிறது, ஒன்று அச்சடித்து பேனல் கதவில். பேட்டரியை ஒவ்வொரு தை மாதமும் மாற்றுகிறேன், கண்ட்ரோல் ஆனில் இருக்கும்போது மட்டும். அணைத்துவிட்டுக் கழற்றினால் எல்லாம் போய்விடும்.

இப்படிப்பட்ட மெஷினை வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வாங்கலாம், ஒன்றரை மணி நேரமாவது மூன்று அச்சையும் முழு நீளத்துக்கு ஓடவிட்டுப் பார்த்த பிறகு. கேபிள் செயினைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பாராமீட்டர் பட்டியலும் எலக்ட்ரிகல் டிராயிங்கும் கேளுங்கள். எங்கள் அண்ணன் அந்த நான்கு ரிலேயையும் சரியான இடத்தில் போட்டது, கோயம்புத்தூர்காரர் மெஷினோடு கொடுத்த எண்ணெய்க் கறை படிந்த டிராயிங்கைப் பார்த்துத்தான். அது இல்லாத மெஷினைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.