அலமாரி இல்லாத வீவக வீடு: கட்டிலடிப் பெட்டி, பாம் ஷெல்டர், அலுமினியக் கபோர்ட் – பல வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்களுடையது சிங்கப்பூர் செங்காங்கில் ஒரு நான்கறை வீடு. மூன்று படுக்கையறை இருக்கிறது, ஒன்றில்கூடச் சுவரோடு சேர்ந்த அலமாரி கிடையாது. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டும் வீட்டில் அதெல்லாம் நாமாகப் பார்த்துச் செய்துகொள்ள வேண்டியதுதான். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், அத்தை. பட்டுப் புடவைகள், கொலு பொம்மைகள், பித்தளைப் பாத்திரங்கள், ஊருக்குப் போக வர நாலைந்து பெட்டிகள் என்று சாமானுக்கும் குறைவில்லை. கடையில் பார்த்துவிட்டு எழுதும் விமர்சனங்கள் நிறைய கிடைக்கின்றன. ஐந்து வருஷத்துக்கு மேல் புழங்கிய பிறகு எது நின்றது, எது படுத்தியது என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இது.

முதலில் கட்டில். எல்லோரும் கேட்பது அதைப் பற்றித்தான். மெத்தையோடு மேலே தூக்கினால் கீழே பெட்டி மாதிரி இடம் இருக்குமே, அந்த வகை. குவீன் அளவு, அதாவது 152-க்கு 190 செ.மீ. ஒரு சின்ன ஸ்டோர் ரூமே கிடைத்த மாதிரி இருந்தது. கூடுதல் போர்வை, குளிர்தேசப் பயணத்து ஜாக்கெட், கொலு பொம்மைகள் எல்லாம் உள்ளே போயின. முதல் இரண்டு வருஷம் புகழ்ந்து தள்ளியிருப்பேன்.

அப்புறம்தான் குணம் தெரிந்தது. மெத்தையைத் தூக்கிப் பிடிப்பது இரண்டு பக்கமும் இருக்கும் வாயு நிரப்பிய தண்டுகள். நாளாக ஆக அதில் அழுத்தம் குறையும். ஒரு விரலால் தூக்கிய கட்டிலை இப்போது தோள் கொடுத்துத் தூக்க வேண்டியிருக்கிறது. முழுக்கத் திறக்காமல் பாதியில் விட்டால் மெல்ல இறங்கவும் செய்கிறது. தண்டை மாற்றலாம், ஆனால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். ஒரு பக்கம் புதிதும் ஒரு பக்கம் பழசுமாக இருந்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். கனமான லேடெக்ஸ் மெத்தை வைத்திருப்பவர்கள் வாங்கும்போதே எடையைச் சொல்லித் தண்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

“ஏம்மா, என் குத்துவிளக்கை எடுக்கணும்னா உன் வீட்டுக்காரர் ஆபீஸ்லேர்ந்து வரணுமா?” என்று அத்தை ஒரு வெள்ளிக்கிழமை கேட்டார்.

“இல்லத்தை, நான் தூக்கித் தர்றேன். நீங்க மட்டும் உள்ளே கை விடாதீங்க.”

அன்றே குத்துவிளக்கு இடம் மாறியது. வருஷத்தில் ஓரிரு முறை தேவைப்படுவதற்குத்தான் கட்டிலடி. வாரா வாரம் எடுப்பதை அங்கே வைத்தால் முதுகு சொல்லும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஈரப்பதம். சிங்கப்பூரில் அது சராசரியாக 80 சதவிகிதத்துக்கு மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டும். காற்றே புகாத ஒரு மரப்பெட்டியில் துணியை அடைத்து, அதன் மேல் ராத்திரி முழுக்க நாலு பேர் வியர்த்துக்கொண்டு படுத்தால் என்ன ஆகும்? மெத்தையின் அடிப்பக்கத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் வந்தன, பூஞ்சணம். தர்ஸ்டி ஹிப்போ மாதிரியான ஈரம் உறிஞ்சும் டப்பாக்களை மூலைக்கு ஒன்று வைத்தேன். உள்ளே இருக்கும் கால்சியம் குளோரைடு ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகச் சேர்த்துவிடும். வேலை செய்கிறது. ஆனால் கட்டிலைத் தூக்கும் வேகத்தில் டப்பா கவிழ்ந்தால் அந்தத் தண்ணீர் துணியில் பிசுபிசுவென்று ஒட்டிக் காயவே காயாது. ஒரு பிளாஸ்டிக் தட்டுக்குள் வைத்து, நிறைந்ததும் மாற்றிவிட வேண்டும். மழையில்லாத மதியமாகப் பார்த்துக் கட்டிலை ஒரு மணி நேரம் திறந்தே வைப்பதும் உதவுகிறது, காசும் இல்லை.

பட்டுப் புடவை பக்கமே கட்டிலடியைக் கொண்டுபோகாதீர்கள். ஜரிகை கறுத்துவிடும். இப்போது எல்லாம் பழைய வேட்டித் துணியில் சுற்றி அலமாரி மேல்தட்டில் இருக்கின்றன. பிளாஸ்டிக் உறை கிடையாது, அந்துருண்டை புடவையில் நேராகப் படுவது கிடையாது. சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுகிறேன். இல்லாவிட்டால் மடித்த கோட்டிலேயே பட்டு இற்றுவிடும்.

அலமாரிக்கு வருவோம். எங்கள் அறையில் கூரை வரைக்கும் தச்சர் செய்தது, இழுவைக் கதவு. ஹேங்கரில் சட்டை மாட்ட 60 செ.மீ. ஆழம் வேண்டும், அதற்குக் குறைத்தால் தோள் கதவில் உரசும். இழுவைக் கதவால் கட்டிலுக்குப் பக்கத்தில் நடக்க இடம் மிஞ்சியது. அதே சமயம் ஒரு நேரத்தில் பாதி அலமாரிதான் கண்ணுக்குத் தெரியும் என்பது தினமும் காலையில் எரிச்சல். கீழ்த் தண்டவாளத்தில் தூசி அடைத்தால் கதவு முரண்டு பிடிக்கும். பலகை விஷயத்தில் நான் கறாராகச் சொல்வேன்: அழுத்திய மரத்தூள் பலகை வேண்டாம். அடிப்பகுதியில் அந்தப் பலகை வைத்த புத்தக அலமாரி ஒன்று, தரை துடைக்கும் ஈரத்திலேயே உப்பிப்போய்க் கதவு மூடாமல் நிற்கிறது.

அத்தை அறைக்கு முழு அலுமினியக் கபோர்ட் போட்டோம். பூஞ்சணம் இல்லை, கரையான் இல்லை, ஈரத் துணியால் துடைத்தால் போதும். மூடும்போது வரும் டமார் சத்தமும், இடித்தால் விழும் பள்ளமும்தான் குறை. அழகு கொஞ்சம் கம்மிதான், எனக்கு அது பொருட்டில்லை. வீட்டில் இருப்பதிலேயே தொல்லை இல்லாதது இதுதான்.

பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சு நேர்ந்தால் ஒதுங்க வீட்டுக்குள்ளேயே கட்டிய அறை பற்றி ஒரு வார்த்தை. 1990களின் கடைசியிலிருந்து வந்த வீடுகளில் இருக்கும் அந்தக் கனத்த இரும்புக் கதவு அறைதான் எங்கள் நிஜ ஸ்டோர் ரூம். கதவைக் கழற்றக் கூடாது, காற்றுத் துளைகளை அடைக்கக் கூடாது, சுவரில் இஷ்டத்துக்கு டிரில் போடவும் முடியாது. போல்ட் இல்லாமல் மாட்டும் இரும்பு ரேக்கை ‘ட’ வடிவத்தில் நிறுத்தியிருக்கிறோம். நடுவில் ஒரு ஆள் நிற்க இடம். ரேக்கின் ஆழம் 40 செ.மீ.தான், அதற்கு மேல் போனால் பின்னால் இருப்பது மறந்தே போகும். அரிசி மூட்டை, பெட்டிகள், குத்துவிளக்கு எல்லாம் அங்கேதான். கதவை எப்போதும் கொஞ்சம் திறந்தே வைக்கிறோம்.

செருப்பு அலமாரியை வெளியே தாழ்வாரத்தில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: 1.2 மீட்டர் வழி விட வேண்டும், தீயணைப்பு விதி. எங்கள் தாழ்வாரத்தில் அது ஒத்துவரவில்லை. கதவுக்குப் பின்னால் சாய்த்துத் திறக்கும் மெல்லிய வகையை உள்ளேயே வைத்தோம்.

அடுத்தது மகள் அறை. அளவெடுக்க ஆள் வருகிறார். கதவே இல்லாத திறந்த அலமாரிதான் வேண்டும் என்று அவள் நிற்கிறாள், தூசி படியும் என்கிறார் அத்தை. பூஞ்சணத்தைத் தேய்த்த கை என்பதால் நான் மகள் பக்கம்.