கொல்லன் தெருவுக்கு வந்த ஊசி: ஒரு பழமொழிச் சீட்டுப் பெட்டி

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மகனின் நோட்டுப் புத்தகங்களுக்குப் பழுப்பு அட்டை வாங்கப் போயிருந்தபோது, கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த சிவப்புப் பெட்டி ஒன்று கண்ணில் பட்டது. பல நாட்டுப் பழமொழிகளை விளையாடிக்கொண்டே தெரிந்துகொள்ளலாம் என்று மேலே அச்சிட்டிருந்தார்கள். விலை 380 ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன். பத்து ரூபாய்கூடக் குறையவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் நான்கு குடித்தனங்கள் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துப் பழமொழியாவது இலவசமாகக் காதில் விழும் என்பதால், இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் வாங்கினேன். குறைகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பதால் வெளியிட்டவர்களின் பெயரை விட்டுவிடுகிறேன்.

பெட்டிக்குள் 108 சீட்டுகளும், நாமே எழுதிக்கொள்ள 12 வெற்றுச் சீட்டுகளும் உள்ளன. ஒரு பக்கத்தில் தமிழ்ப் பழமொழியும் படமும், மறுபக்கத்தில் அதே கருத்துக்கு மற்ற நாடுகளில் வழங்கும் சொற்களின் தமிழாக்கமும் இருக்கின்றன. ஒருவர் மறுபக்கத்தைப் படிக்க, தமிழ்ப் பழமொழியை முதலில் சொல்பவர் சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். விதி அவ்வளவுதான். அட்டை கெட்டியானது, அம்மா காபி டம்ளரை அதன்மேல் வைத்தும் ஊறவில்லை. எழுத்துதான் மிகச் சிறியது. எங்கள் ஆட்டத்தில் மூக்குக் கண்ணாடியில்லாமல் படிக்க முடிந்தவன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன் ஒருவனே. மின்சாரம் போன ஒரு சனிக்கிழமை மாலையில், அம்மா, கீழ்வீட்டுத் தெலுங்கு அக்கா, மாடியில் இருக்கும் தையல்காரர் பாய், நான், மகன் என ஐந்து பேர் முற்றத்தில் உட்கார்ந்து தொடங்கிய ஆட்டம், இந்த மூன்று வாரங்களில் ஏழெட்டு முறை நடந்துவிட்டது.

பெட்டியின் தரத்தை உயர்த்திக் காட்டுவது காக்கைச் சீட்டு. குரங்குக்குட்டி தன் தாயின் கண்ணுக்கு மான் என்று அரபியர் சொல்கிறார்கள். அண்டங்காக்கைக்குத் தன் குஞ்சு வல்லூறாகத் தெரியும் என்று துருக்கியர் சொல்கிறார்கள். மகன் படித்து முடிப்பதற்குள் அம்மா, 'காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு' என்று சீட்டைப் பிடுங்கிக்கொண்டார். கீழ்வீட்டு அக்கா விடவில்லை. 'காகி பில்ல காகிகி முத்து' (காக்கைக் குஞ்சு காக்கைக்குச் செல்லம்) என்று தெலுங்கிலும் அதே காக்கைதான் இருக்கிறது, அதை ஏன் போடவில்லை என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன். இந்தச் சீட்டில் எனக்குப் பிடித்தது, தாய்ப்பாசம் என்ற ஒன்றையே ஒவ்வொரு மக்களும் தாங்கள் உயர்வாக மதிப்பதைக் கொண்டு அளக்கிறார்கள் என்பது எந்த விளக்கவுரையும் இல்லாமல் தெரிந்துவிடுவதுதான். நமக்கு அது பொன், வேட்டைப் பறவை பழக்கியவர்களுக்கு வல்லூறு, பெண்ணழகுக்கு மானை உவமை சொன்ன அரபியருக்கு மான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொன்னால் கொஞ்சலாகவும், அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொன்னால் குத்தலாகவும் மாறும் இந்தப் பழமொழியின் இரட்டை நாக்கைச் சீட்டு எங்கும் குறிப்பிடவில்லை. பழமொழியை யார், யாரிடம், எந்த முகத்தோடு சொல்கிறார் என்பதில்தான் பாதிப் பொருள் இருக்கிறது. அந்தப் பாதி இந்தப் பெட்டிக்குள் பெரும்பாலும் இல்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பதற்குரிய சீட்டும் நன்றாக அமைந்திருக்கிறது. இந்தியில் முற்றம் கோணலாகிறது. போலந்தில் ஆடத் தெரியாத பாலே நடனக்காரிக்குத் தன் பாவாடையின் ஓரமே தடையாகிறது. ஆங்கிலேயர் நடனத்தை விட்டுவிட்டு, வேலை தெரியாதவன் கருவியைக் குறை சொல்வான் என்று பட்டறைக்குள் போய்விடுகிறார்கள். இங்கேயும் கீழ்வீட்டு அக்காதான் இடத்தை நிரப்பினார்: தெலுங்கில் ஆட முடியாதவள் மத்தளம் ஓட்டை என்பாளாம்.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். துருக்கி, போலந்து, ஜப்பான் வரை போய்த் தேடியவர்கள், சென்னையின் வடக்குப் பகுதியில் ஒரே தெருவில் காதில் விழும் தெலுங்கையும் உருதுவையும் கேட்க மறந்துவிட்டார்கள். இந்தி மட்டும் ஏழெட்டுச் சீட்டுகளில் வருகிறது. காதில் பூச்சுற்றுவது என்னும் மரபுத்தொடருக்கு ரஷ்யர்கள் காதில் நூடுல்ஸைத் தொங்கவிடுவதாகச் சொல்வார்கள் என்பதைப் போட்டிருக்கிறார்கள். அருமையான இணை; இரண்டு மொழிகளிலும் ஏமாறுபவனின் காதுதான் அகப்படுகிறது. ஆனால் தெலுங்கிலும் கன்னடத்திலும் நூடுல்ஸ் இல்லை, நம்மைப் போலவே பூவைத்தான் காதில் வைக்கிறார்கள் என்பது சீட்டில் இல்லை. அதைச் சேர்த்திருந்தால், தெற்கில் பக்கத்துப் பக்கத்து மொழிகள் ஒரே பூவைப் பங்கிட்டுக்கொண்டிருப்பதும் தெரிந்திருக்கும்.

நூடுல்ஸ் என்றதும் மகனுக்குப் பர்மா நூடுல்ஸான அத்தோ ஞாபகம் வந்துவிட்டது. பீச் ஸ்டேஷன் எதிரே செகண்ட் லைன் பீச் சாலையில், 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் வழியில் தொடரும் அத்தோ கடைகளில் ஒன்றுக்கு நாங்கள் எப்போதாவது போவது உண்டு. அன்று சீட்டுகளில் சிலவற்றையும் சட்டைப்பையில் எடுத்துப் போயிருந்தோம். 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்பதற்குச் சீனர்கள் மாட்டுக்கு முன்னால் யாழ் வாசிப்பதாகச் சொல்வார்கள் என்ற சீட்டைக் கடைக்காரரிடம் மகன் காட்டினான். அவர் வாழைத்தண்டுச் சூப்பை ஊற்றிக்கொண்டே, 'எங்க ஆயா எருமைகிட்ட யாழ் வாசிக்கிற மாதிரின்னு சொல்லும் தம்பி, பர்மாக்காரங்க பேச்சு அது' என்றார். இந்தியிலோ எருமைக்கு முன்னால் மகுடி ஊதுகிறார்கள். சீனத்து மாடும் பர்மாவின் எருமையும் வடநாட்டு எருமையும் இசையைக் கேட்டபடி அசைபோட்டு நிற்க, தமிழும் தெலுங்கும் மட்டும் சங்கை எடுத்துக்கொண்டு செவிடனைத் தேடிப் போயிருக்கின்றன. (அந்தச் சீனச் சீட்டின் படத்தில் மாட்டுக்கு முன்னால் இருப்பவர் கையில் கிட்டார் இருக்கிறது. சீனர்களின் அந்த ஏழு நரம்பு இசைக்கருவியைக் கிடத்தி வைத்து மீட்டுவார்கள். ஓவியருக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.)

இனிக் குறைகள். சொல்லுக்குச் சொல் பொருந்துவதால் பொருளும் பொருந்தும் என்று நம்பிச் சேர்த்த சீட்டுகள் பெட்டியில் பத்துக்கும் மேல் உள்ளன. ஆங்கிலத்தில் ஒருவரின் காலை இழுப்பது என்றால் விளையாட்டாகக் கேலி செய்வது. அதைத் தமிழின் 'காலை வாருதல்' என்பதோடு சேர்த்துவிட்டார்கள். நம்பியவனைக் கடைசி நேரத்தில் கவிழ்ப்பதல்லவா காலை வாருவது? ஆந்தையின் கதையும் இப்படித்தான். ஐரோப்பாவில் ஆந்தை அறிவின் அடையாளம் என்று எழுதியவர்கள், நம் ஊரில் அது அலறினால் கெட்ட சகுனம் என்பதையும், பாயின் மொழியில் 'உல்லூ' என்றால் ஆந்தையோடு முட்டாளையும் குறிக்கும் என்பதையும் விட்டுவிட்டார்கள். 'ஆந்தை மாதிரி அறிவாளி' என்று மகன் படித்ததும் பாய் சிரித்த சிரிப்பில் ஆட்டம் ஐந்து நிமிடம் நின்றது.

உருளும் கல்லில் பாசி படியாது என்ற ஆங்கிலப் பழமொழிச் சீட்டில் வேறு வகையான சிக்கல். ஓரிடத்தில் நிலையாக இல்லாதவனுக்கு எதுவும் சேராது என்று சீட்டு பொருள் சொல்கிறது. பழைய பொருள் அதுதான். மகன் ஒப்புக்கொள்ளவில்லை. மாதத்துக்கு ஒருமுறை மாடித் தண்ணீர்த் தொட்டியில் இறங்கிப் பாசி தேய்ப்பவன் அவன். பாசி பிடிக்காமல் இருப்பது நல்லதுதானே என்று கேட்டான். அவன் கேட்டது தவறே இல்லை. ஆங்கிலம் பேசுபவர்களே பின்னாளில், இயங்கிக்கொண்டே இருப்பவன் துருப்பிடிக்க மாட்டான் என்று அதைத் தலைகீழாக்கிக்கொண்டார்கள்; ஜப்பானியரிடமும் அந்தப் பழமொழிக்கு இந்த இரண்டு பொருளும் வழங்குகின்றன. பாசியைச் செல்வமாகப் பார்ப்பதா, வழுக்கலாகப் பார்ப்பதா என்பதைப் பொறுத்து அறிவுரை மாறிவிடும் இந்த இடம், ஒரு பெட்டியில் நான்கைந்து வரி கூடுதலாக எழுதத் தகுந்த இடம்.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது 'உண்மைப் பொருள்' என்ற தலைப்பில் கொடுத்திருக்கும் சீட்டுகள். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பது பிழையாம். ஆயிரம் வேரைக் கொன்றவன், அதாவது மூலிகை வேர்களை அறிந்து பயன்படுத்தியவன், என்பதே சரியாம். வாட்ஸப்பில் பல ஆண்டுகளாகச் சுற்றும் இந்த விளக்கத்தை அப்படியே அச்சில் ஏற்றியிருக்கிறார்கள். சீட்டைப் படித்ததும் பாய், 'நீம் ஹகீம் கத்ரா-ஏ-ஜான்' என்றார். அரைகுறை வைத்தியனால் உயிருக்கு ஆபத்து என்று பொருள். வடமொழியிலும் நூறு பேரைச் சாகடித்தவன் வைத்தியன், ஆயிரம் பேரைச் சாகடித்தவன் பெரிய மருத்துவன் என்று ஒரு கேலி வரி உண்டு. பேர், வேர் என்ற எதுகை தமிழில் மட்டும்தான் செல்லும். அந்த எதுகைக்கு இடமே இல்லாத மொழிகளும் வைத்தியரைக் கிண்டல் செய்துகொண்டிருக்கையில், நாம் மட்டும் கிண்டலைக் கழுவித் துடைத்து மருத்துவத்துக்குச் சான்றிதழாக மாட்ட வேண்டியதில்லை. பல மொழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதன் பயனே இதுதான். அந்தப் பயனைப் பெட்டியைத் தொகுத்தவர்களே பயன்படுத்திக்கொள்ளவில்லை. 1874இல் பெர்சிவல் பாதிரியார் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இதே சென்னையில் அச்சிட்டிருக்கிறார். அப்படியொரு தொகுப்பு கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது வாட்ஸப்பை நம்ப என்ன தேவை வந்தது?

எங்கள் வட்டாரப் பேச்சை முழுவதும் ஒதுக்கியிருப்பதும் ஒரு குறைதான். பேஜார், பேமானி, நாஸ்டா என்று எதுவும் பெட்டியில் கிடையாது. இவை கொச்சை என்று எண்ணியிருப்பார்கள். ஆனால் பண்பாடுகள் ஒன்றோடொன்று உரசிய தழும்பு இவற்றில்தான் தெளிவாகத் தெரிகிறது. பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த 'பேஜார்', பாயின் மொழியில் சலித்துப்போன ஆளைக் குறிக்கும். எங்கள் தெருவிலோ அந்த ஆளைச் சலிக்கவைத்த தொல்லைக்கே அது பெயராகிவிட்டது.

மழைச் சீட்டைப் பற்றி ஒரே ஒரு வரி. நமக்குப் பேய்மழை பெய்யும்போது கிரேக்கத்தில் நாற்காலிக் கால்களும் வேல்ஸில் கிழவிகளும் தடிகளும் கொட்டுகின்றன. அதைப் படித்த நாளிலிருந்து தூறல் விழுந்தாலே மகன் வானத்தைப் பார்த்துக் கிழவிகளை எண்ணுகிறான்.

இத்தனைக் குறைகளுக்கும் பிறகு இந்தப் பெட்டியை வாங்கலாம் என்றே சொல்வேன். காரணம் 73ஆம் எண் சீட்டு. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பதற்குரிய சீட்டு அது. ஆங்கிலேயர் நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோகிறார்கள். ரஷ்யர் தூலா நகரத்துக்குச் சமோவார் என்னும் தேநீர்க் கொதிகலனைக் கொண்டுபோகிறார்கள். ஜெர்மானியர் ஏதென்ஸுக்கு ஆந்தை கொண்டுபோகிறார்கள். அரபியர் ஹஜருக்குப் பேரீச்சம்பழமும், வடநாட்டார் பரேலிக்கு மூங்கிலும் கொண்டுபோகிறார்கள். எந்த ஊரில் எது விளைந்தது, எது செய்யப்பட்டது என்ற வணிக வரைபடமே ஒரு சீட்டில் இருக்கிறது. ஏதென்ஸ் ஆந்தைக்கு மட்டும் சீட்டிலேயே விளக்கம் உண்டு: அந்நகரத்தின் காவல் தெய்வத்துக்கு உரிய பறவை அது, வெள்ளிக் காசிலும் அதன் உருவத்தைப் பொறித்திருந்தார்கள். இப்படி ஒரு விளக்கத்தை எல்லாச் சீட்டிலும் எழுதியிருந்தால் விலையை இருமடங்காக வைத்தாலும் கொடுத்திருப்பேன்.

இந்தச் சீட்டுக்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் வெற்றுச் சீட்டுகளுக்கு வேலை வந்தது. எங்கள் பக்கத்துக்கு என்ன எழுதலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். காசிமேட்டுக்கே கருவாடு என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. சௌகார்பேட்டைக்கே ஜிலேபி என்றார் அக்கா. ஆண்டர்சன் தெருவுக்கே கல்யாணப் பத்திரிகை என்றேன் நான். மகன் நியூகாசிலைப் பார்த்து எண்ணூருக்கே நிலக்கரி என்று எழுதப் போனான். துறைமுக வேலையில் இருந்து ஓய்வுபெற்ற அண்ணனை நினைத்துக்கொண்டு அம்மா தடுத்தார். நியூகாசிலில் நிலக்கரி மண்ணுக்கடியில் இருந்தது, அதனால் கொண்டுபோவது வீண். எண்ணூர்த் துறைமுகத்தை 2001இல் திறந்ததே அனல் மின் நிலையங்களுக்குக் கப்பலில் நிலக்கரி வந்து இறங்குவதற்காகத்தான், அங்கே கொண்டுபோகாவிட்டால் நமக்கு விளக்கு எரியாது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனது. அந்தச் சீட்டைக் கிழிக்கவில்லை. 'எண்ணூருக்கே நிலக்கரி: வீண் வேலைபோலத் தோன்றும் அவசியமான வேலை' என்று புதுப் பொருளோடு வைத்திருக்கிறோம்.

பன்னிரண்டு வெற்றுச் சீட்டுகள் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டன. வந்து சேர்ந்த கல்யாணப் பத்திரிகைகளை அதே அளவுக்கு வெட்டி இதுவரை நாற்பது சீட்டுகளுக்கு மேல் சேர்த்திருக்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை பாயும் அக்காவும் சொன்னவை. பெட்டியின் மூடி இப்போது முழுவதும் இறங்குவதில்லை. ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம்.